நூற்றுப் பதினான்கு நாள் வெற்றி
(செர்பொலே நீராவிக் கார்களின் வரலாறு)

அறிவியல் மன்ற மாணவியர்

ஒரு கேள்வி

சென்ற ஆண்டு அறிவியல் கண்காட்சி முடிந்த மறுநாள், எங்கள் இயற்பியல் ஆசிரியை வகுப்பிற்குள் நுழைந்ததும் ஒரு கேள்வி கேட்டார்கள். "சாலையில் ஓடும் கார் ஒன்று மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தை முதன்முதலாகத் தாண்டியது 1902-ஆம் ஆண்டில். அந்தக் கார் எதனால் ஓடியது?"

"பெட்ரோலால்" என்று வகுப்பே ஒரே குரலில் சொன்னது. பின் வரிசையிலிருந்து ஒருத்தி மட்டும் "டீசல்" என்றாள். இரண்டும் தவறு என்று சொல்லிவிட்டு, கரும்பலகையில் ஒரே ஒரு சொல்லை எழுதினார்கள். "நீராவி."

எங்களால் நம்ப முடியவில்லை. நீராவி என்றால் நம் மனக்கண் முன் வருவது கரும்புகை கக்கும் பழைய ரயில் எஞ்சின் அன்றோ? அது போதாதென்று, முந்திய நாள்தான் எங்கள் வகுப்பின் நீராவிச் சக்கரம் கண்காட்சியில் எல்லோர் முன்னிலையிலும் நின்றுபோயிருந்தது. "நீராவி" என்ற சொல்லைக் கேட்டாலே தலையைக் குனிந்துகொள்ளும் நிலையில் நாங்கள் இருந்தோம். அதனால்தானோ என்னவோ, ஆசிரியை எங்களுக்குச் செர்பொலேயின் கதையைச் சொன்னார்கள். அதன்பின் நூலகத்திலும் வெளியிலும் தேடி நாங்கள் கற்றவற்றையும் சேர்த்து இக்கட்டுரையில் தருகிறோம்.

தச்சுப் பட்டறையில் பிறந்த எண்ணம்

பிரான்ஸ் நாட்டின் கிழக்குப் பகுதியில் ரோன் நதிக்கு அருகே குலோ என்றொரு சிற்றூர். அங்கே மரவேலை செய்யும் குடும்பம் ஒன்றில் 1858-ஆம் ஆண்டு லெயோன் செர்பொலே பிறந்தார். அவருடைய அண்ணன் ஆன்ரி. பட்டறையில் மரம் அறுக்கும் இயந்திரத்தை ஓட்டுவதற்குச் சிறியதும் ஆபத்தில்லாததுமான ஒரு நீராவிக் கொதிகலன் இருந்தால் நன்றாயிருக்குமே என்ற எண்ணம் சகோதரர்களுக்கு எழுந்தது. பெரிய விஞ்ஞானக் கூடம் எதுவும் அவர்களுக்கு இல்லை. அன்றாடத் தேவையே அவர்களுக்கு ஆசானாயிற்று.

அந்நாளைய கொதிகலனில் இரண்டு குறைகள் இருந்தன. முதலாவது, தாமதம். பெரிய கலத்தில் நிறைய நீரை ஊற்றி, அத்தனை நீரும் கொதித்து, ஆவியின் அழுத்தம் உயரும் வரை காத்திருக்க வேண்டும். இரண்டாவது, ஆபத்து. அழுத்தத்தால் அடக்கப்பட்டிருக்கும் கொதிநீர் நூறு டிகிரிக்கும் மேற்பட்ட வெப்பத்தில் இருக்கும். கலத்தில் எங்கேனும் பிளவு ஏற்பட்டால் அழுத்தம் சட்டென்று குறைந்து, அந்நீரின் ஒரு பகுதி ஒரே நொடியில் ஆவியாகிவிடும். ஒரு லிட்டர் நீர் ஆவியானால் ஏறக்குறைய 1,700 லிட்டர் இடத்தை அடைக்கும். கொதிகலன் வெடிப்புகள் அத்தனை உயிர்களைக் குடித்ததற்குக் காரணம் இதுவே.

இவ்விரு குறைகளையும் ஒரே அடியில் நீக்கும் வழியைச் செர்பொலே சகோதரர்கள் 1881-இல் கண்டுபிடித்தார்கள்.

இட்லிப் பானையும் தோசைக்கல்லும்

அவர்கள் கண்ட வழியை நம் சமையலறையிலேயே பார்க்கலாம். இட்லிப் பானையில் நீரை ஊற்றி அடுப்பில் வைத்தால் ஆவி வரச் சிறிது நேரம் ஆகிறது. ஆனால் காய்ந்த தோசைக்கல்லில் கைநீரைத் தெளித்தால் 'சுர்' என்ற ஓசையுடன் அக்கணமே ஆவி எழுகிறது. நீரைச் சேர்த்து வைத்துச் சூடாக்குவது முதல் முறை. வெப்பத்தைச் சேர்த்து வைத்து, வேண்டும்போது வேண்டிய அளவு நீரை அதன்மேல் விடுவது இரண்டாம் முறை. பழைய கொதிகலன் இட்லிப் பானை. செர்பொலேயின் கொதிகலன் தோசைக்கல்.

தடித்த சுவருடைய இரும்புக் குழாயை அழுத்தித் தட்டையாக்கி, அதன் உள்வழியை மிகக் குறுகிய இடுக்காக்கினார்கள். அக்குழாயைச் சுருளாக வளைத்து நெருப்பில் நன்றாகக் காயவைத்தார்கள். ஒரு முனையில் சிறிய பம்பினால் நீரைச் செலுத்தியவுடன் மறுமுனையில் ஆவியாக வெளிவந்தது. எந்த நேரத்திலும் குழாய்க்குள் இருந்தது மிகச் சிறிதளவு நீரே. ஆகவே குழாய் வெடித்தாலும் பேராபத்து நேர வழியில்லை. வண்டியை நிறுத்த வேண்டுமா? நீர் செலுத்துவதை நிறுத்தினால் போதும், ஆவியும் நின்றுவிடும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. தோசைக்கல் அளவுக்கு மேல் காய்ந்துவிட்டால் தெளித்த நீர் உடனே ஆவியாகாமல் முத்துக்களைப் போல அங்குமிங்கும் உருண்டோடுவதை நம் அம்மாமார்கள் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். துளியின் அடியில் உண்டாகும் ஆவிப் படலம் அதைக் கல்லில் படாமல் தாங்கிப் பிடிப்பதே இதற்குக் காரணம். குறுகிய இடுக்கிலோ துளி உருண்டோட இடமில்லை. பம்பு தள்ளும் நீர் மெல்லிய ஏடாகி இருபுறமும் சூடான சுவரோடு நெருங்கியே செல்ல வேண்டும்.

நாம் பாடத்தில் படித்த உள்ளுறை வெப்பத்தையும் இங்கே நினைவுகூர்வோம். 30 டிகிரியில் உள்ள ஒரு கிராம் நீரை 100 டிகிரிக்குக் கொண்டுவர 70 கலோரி போதும். அதை ஆவியாக்கவோ மேலும் 540 கலோரி தேவை. ஆகவே ஒவ்வொரு கிராம் நீருக்கும் 610 கலோரி வெப்பத்தைக் குழாய் இடைவிடாமல் கொடுத்தாக வேண்டும். குழாயின் சுவரைத் தடிமனாகச் செய்ததன் காரணம் இப்போது விளங்குகிறதல்லவா? அது வெப்பத்தின் சேமிப்புப் பெட்டி.

மூன்று சக்கரத்தில் ஒரு பயணம்

1880-களில் சகோதரர்கள் பாரிஸ் நகரின் மோன்மார்த்ர் பகுதியில் பட்டறை அமைத்தார்கள். 1887-இல் லெயோன் செர்பொலே ஒரு மூன்று சக்கர வண்டியில் தம் கொதிகலனைப் பொருத்தி ஓட்டிப் பார்த்தார். பாரிஸ் வீதிகளில் வண்டி ஓட்ட அவருக்கு அதிகாரிகள் அனுமதி அளித்தபோது விதித்த நிபந்தனை, மணிக்கு 16 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்பது. இந்த எண்ணை நினைவில் வைத்திருங்கள், பின்னால் தேவைப்படும்.

காப்பிக்கொட்டை அரைக்கும் இயந்திரம், ரம்பம், சைக்கிள் முதலியவற்றைச் செய்துவந்த ஒரு குடும்ப நிறுவனத்தின் அர்மான் பெஜோ என்பவர் இவ்வண்டியால் கவரப்பட்டார். ஈபில் கோபுரம் திறக்கப்பட்ட அதே 1889-ஆம் ஆண்டின் பாரிஸ் பொருட்காட்சியில், பெஜோவும் செர்பொலேயும் சேர்ந்து செய்த நீராவி மூன்று சக்கர வண்டி வைக்கப்பட்டது. இன்று உலகெங்கும் அறியப்பட்ட பெஜோ கார்களின் வரிசையில் முதலாவது இதுவே. ஆனால் அத்தகைய வண்டிகள் மிகச் சிலவே செய்யப்பட்டன. விரைவிலேயே அர்மான் பெஜோ நீராவியைக் கைவிட்டு, ஜெர்மானியரான டைம்லரின் பெட்ரோல் எஞ்சினை நாடினார். முதல் கூட்டாளி விலகிப்போனார்.

செர்பொலே தளரவில்லை. 1890-ஆம் ஆண்டு ஜனவரி மாதக் கடுங்குளிரில், எர்னெஸ்ட் ஆர்ஷ்டீக்கன் என்ற வழக்கறிஞரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு பாரிஸிலிருந்து லியோனுக்குத் தம் மூன்று சக்கர வண்டியில் புறப்பட்டார். தூரம் ஏறக்குறைய 460 கிலோமீட்டர். வழியெங்கும் பழுதுகள். ஏதேனும் ஒன்று உடையும். ஊர்க் கொல்லரிடம் சென்று சரிசெய்துகொண்டு மீண்டும் கிளம்புவார்கள். பல நாட்களுக்குப் பிறகு இருவரும் லியோனைச் சென்றடைந்தார்கள். இத்தனை அல்லலுக்குப் பின்னும் ஆர்ஷ்டீக்கனுக்கு இயந்திரங்கள் மீது வெறுப்பு வரவில்லை. பிற்காலத்தில் பிரான்சில் விமானப் பறத்தலை ஊக்குவிக்கப் பரிசு நிறுவியவர்களுள் அவரும் ஒருவர். 1908 ஜனவரியில் ஒரு கிலோமீட்டர் வட்டப்பறத்தலுக்கு ஆன்ரி பார்மன் பெற்றது அப்பரிசுதான்.

அதன்பின் சில ஆண்டுகள் செர்பொலேயின் கவனம் பெரிய வண்டிகளின் பக்கம் சென்றது. பாரிஸ் டிராம் வண்டிகளிலும், ஜெர்மனியின் வூர்ட்டெம்பர்க் ரயில்வேயின் சிறு ரயில் வண்டிகளிலும் அவருடைய கொதிகலன் பொருத்தப்பட்டது.

மூன்று வழிகள்

அக்காலத்தில் 'கார் எதனால் ஓட வேண்டும்' என்பதற்கு யாரிடமும் முடிவான விடை இல்லை. மூன்று வழிகள் போட்டியிட்டன.

மின்கலத்தால் ஓடும் கார் ஓசையின்றிச் சென்றது, புகையும் இல்லை. ஆனால் மின்கலம் பெருஞ்சுமை. சிறிது தூரத்திலேயே சக்தி தீர்ந்துவிடும்.

பெட்ரோல் கார் நெடுந்தூரம் சென்றது. 1888-இல் பெர்த்தா பென்ஸ் என்ற வீரப் பெண்மணி, தம் கணவர் செய்த காரில் இரண்டு மகன்களோடு ஜெர்மனியில் நூறு கிலோமீட்டர் அளவு பயணம் செய்து இதை மெய்ப்பித்துவிட்டார். ஆனால் எஞ்சின் இரைந்தது, அதிர்ந்தது, நாறியது. கைப்பிடியைச் சுழற்றிக் கிளப்பும்போது அது எதிர்த்திசையில் உதைத்து மணிக்கட்டை முறித்துவிடுவதும் உண்டு.

நீராவிக் கார் மெல்லெனப் புறப்பட்டது. நின்ற நிலையிலிருந்தே முழு இழுவிசையும் கிடைத்ததால் கியர் மாற்றும் தொல்லை இல்லை. மேட்டில் ஏறுவதில் அதற்கு நிகர் இல்லை. ஆனால் நீரும் எரிபொருளும் சேர்த்துச் சுமக்க வேண்டும்.

1900-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் செய்யப்பட்ட கார்கள் 4,192. அவற்றுள் நீராவிக் கார்கள் 1,681. மின் கார்கள் 1,575. பெட்ரோல் கார்கள் 936 மட்டுமே. கடைசி இடத்தில் நின்றதுதான் பின்னால் உலகை ஆண்டது என்பதை அன்று யார் அறிந்திருப்பார்?

தீயும் நீரும் ஒரே கையில்

இந்நிலையில் பிராங்க் கார்ட்னர் என்ற அமெரிக்கச் செல்வந்தர் செர்பொலேயுடன் கூட்டுச் சேர்ந்தார். பாரிஸின் ஸ்டாந்தால் வீதித் தொழிற்சாலையிலிருந்து 1900-ஆம் ஆண்டு முதல் 'கார்ட்னர்-செர்பொலே' கார்கள் வெளிவரலாயின.

இக்கார்களில் நிலக்கரி இல்லை. மண்ணெண்ணெய் அடுப்பு இருந்தது. எஞ்சினில் நான்கு சிலிண்டர்கள், இருபக்கமும் இரண்டிரண்டாக எதிரெதிரே படுத்த நிலையில் அமைந்தன. பயன்பட்ட ஆவியைக் குளிரவைத்து மீண்டும் நீராக்கும் அமைப்பும் உண்டு. ஆயினும் நம்மை வியக்கவைப்பது வேறொன்று. அதைச் சொல்வதற்கு முன் எங்கள் கண்காட்சித் தோல்வியையும் சொல்லியாக வேண்டும்.

நாங்கள் ஒரு செம்புக் குழாயைச் சுருளாக வளைத்து விளக்கின் மேல் பொருத்தியிருந்தோம். ஒரு முனையில் மருந்தேற்றும் சிரிஞ்ச் வழியாக நீரைச் செலுத்தினால், திறந்த மறுமுனையிலிருந்து பீறிடும் ஆவி ஒரு தகரச் சக்கரத்தைச் சுழற்ற வேண்டும். ஒருத்தி தீயைப் பார்த்துக்கொண்டாள். இன்னொருத்தி நீரைச் செலுத்தினாள். முதல் நாள் ஒத்திகையில் சக்கரம் அழகாகச் சுற்றியது. கண்காட்சியன்று நடுவர்கள் வந்து நின்றதும் பரபரப்பில் நீர் அதிகமாகிவிட்டது. ஆவிக்குப் பதில் வெந்நீர் தெறித்தது. பயந்துபோய் நீரைக் குறைத்தோம். அதற்குள் தீயைக் கூட்டியிருந்தோம். குழாய் கறுத்துப் போயிற்று, ஆவியே இல்லை. சக்கரம் நின்றது. நடுவர்கள் புன்னகையோடு அடுத்த மேசைக்குச் சென்றார்கள். அங்கே 'ஆ' பிரிவு மாணவியரின் மின்கலக் கார் ஓசையின்றி வட்டமிட்டுக்கொண்டிருந்தது. முதற்பரிசு அதற்கே கிடைத்தது.

செர்பொலேக்கும் நேர்ந்தது இதே சிக்கல்தான். தீக்கும் நீருக்கும் உள்ள அளவு சிறிது மாறினாலும் ஆவி கெடும். நீர் மிகுந்தால் ஈர ஆவி வந்து வலிமை குறையும். நீர் குறைந்தால் குழாய் அளவு மீறிக் காய்ந்து, மிகச் சூடான ஆவி சிலிண்டரின் மசகெண்ணெயைக் கருக்கிவிடும். ஓட்டுநர் சாலையைப் பார்ப்பாரா, அடுப்பைப் பார்ப்பாரா?

இதற்குச் செர்பொலே கண்ட தீர்வு எளியது. மண்ணெண்ணெய் செலுத்தும் பம்பையும் நீர் செலுத்தும் பம்பையும் ஒன்றோடொன்று பிணைத்துவிட்டார். ஒரே நெம்புகோலை நகர்த்தினால் இரண்டும் ஒன்றாகக் கூடும், ஒன்றாகக் குறையும். இரண்டுக்கும் உள்ள விகிதம் மாறாது. எங்களுள் இருவர் ஒருவரையொருவர் கேளாமல் செய்த வேலையை அவர் ஒரே கையில் ஒப்படைத்தார்.

29.8 விநாடி

பிரான்சின் தென்கரையில், மத்தியதரைக் கடலோரம் உள்ள நீஸ் நகரில் 'ஆங்கிலேயர் உலாவீதி' என்ற புகழ்பெற்ற நீண்ட சாலை உண்டு. அங்கே 1902 ஏப்ரல் 13-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, செர்பொலே ஒரு புதுமையான வண்டியுடன் வந்தார். காற்றைக் கிழித்துச் செல்லும்படி அதன் உடல் முட்டை வடிவில் அமைக்கப்பட்டிருந்தது. உயிர்த்த ஞாயிறு கழிந்து சரியாக இரண்டு வாரமே ஆகியிருந்தது. மக்கள் அதற்கு 'ஈஸ்டர் முட்டை' என்று பெயர் சூட்டினார்கள்.

அதுவரை உலக வேகச் சாதனைகள் மின் கார்களின் கையில் இருந்தன. 1898 டிசம்பரில் பாரிஸ் அருகே உள்ள ஆஷேரில் மணிக்கு 63.15 கிலோமீட்டர் என்று பதிவாகிய முதற் சாதனை மின் காருடையது. 1899 ஏப்ரல் 29-இல் பெல்ஜியரான ஜெனாட்சி ஓட்டி, மணிக்கு 105.88 கிலோமீட்டர் சென்றதும் மின் காரே. அக்காருக்கு அவர் வைத்த பெயர், 'ஒருபோதும் நிறைவடையாதவள்' என்று பொருள்படும்.

'ஈஸ்டர் முட்டை'யைச் செர்பொலேயே ஓட்டினார். முன்னதாகவே வேகமெடுத்து வந்து, அளந்து வைத்த ஒரு கிலோமீட்டரை 29.8 விநாடியில் கடந்தார். மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதை எட்டாம் வகுப்புத் தங்கைகள் தாமே கணக்கிடலாம். ஒரு மணிக்கு 3,600 விநாடி. 3,600-ஐ 29.8-ஆல் வகுத்தால் 120.8. ஒரு காலத்தில் '16 கிலோமீட்டருக்கு மேல் போகாதே' என்று கட்டளை பெற்ற மனிதர், நாற்பத்து மூன்றாம் வயதில் உலகிலேயே விரைவாகக் கார் ஓட்டியவரானார்.

நூற்றுப் பதினான்கு நாள்

இச்சாதனை எத்தனை நாள் நிலைத்தது? 1902 ஆகஸ்ட் 5-ஆம் நாள், பிரான்சின் ஆப்லீ என்ற இடத்தில் அமெரிக்கரான வில்லியம் வாண்டர்பில்ட், மோர்ஸ் என்ற பிரெஞ்சுக் காரில் ஒரு கிலோமீட்டரை 29.4 விநாடியில் கடந்தார். வித்தியாசம் 0.4 விநாடி, கண் இமைக்கும் நேரம். ஏப்ரல் 13 முதல் ஆகஸ்ட் 5 வரை எண்ணினால் 114 நாட்கள். மோர்ஸ் பெட்ரோல் கார். உலக வேகச் சாதனையைப் பெட்ரோல் பிடித்தது அதுவே முதல் முறை.

ஆனால் செர்பொலேயின் உண்மையான எதிராளி அந்த 0.4 விநாடி அன்று. அதே நீஸ் நகரில் 1901 மார்ச் மாதப் போட்டிகளிலேயே ஒரு புதிய பெட்ரோல் கார் மற்றவற்றையெல்லாம் பின்தள்ளியிருந்தது. வில்ஹெல்ம் மேபாக் வடிவமைத்த அக்காருக்கு, அதை விற்க ஏற்பாடு செய்த யெல்லினெக் என்பவர் பதினொரு வயதான தம் மகளின் பெயரை வைத்தார். அச்சிறுமியின் பெயர் மெர்செடஸ். அப்பெயர் இன்றுவரை நிலைத்திருப்பதை எல்லோரும் அறிவோம்.

ஏன் தோற்றது?

செர்பொலேயின் கார் கெட்டது என்பதால் தோற்கவில்லை. நாங்கள் படித்தவற்றிலிருந்து நான்கு காரணங்களைத் தொகுத்துள்ளோம்.

முதலாவது, பெட்ரோல் எஞ்சினில் எரிபொருள் சிலிண்டருக்குள்ளேயே எரிகிறது. நீராவி எஞ்சினிலோ வெளியே எரித்து, நீரைச் சூடாக்கி, ஆவியாக்கி, அதன்பின்னரே வேலை வாங்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் வெப்பம் வீணாகிறது. கிராமுக்கு 540 கலோரி என்ற அந்த உள்ளுறை வெப்பத்தின் பெரும்பகுதி வேலை செய்யாமலே வெளியேறிவிடுகிறது.

இரண்டாவது, அமைப்பின் சிக்கல். அடுப்பு, குழாய்ச் சுருள், இரண்டு பம்புகள், குளிரவைக்கும் அமைப்பு, நீர்த்தொட்டி, எஞ்சின் என்று பல உறுப்புகள் ஒத்துழைக்க வேண்டும். ஒன்று பிணங்கினாலும் வண்டி நிற்கும்.

மூன்றாவது, பெட்ரோல் கார் தன் குறைகளை ஒவ்வொன்றாகக் களைந்துகொண்டே வந்தது. 1908-இல் ஹென்றி போர்டின் 'மாடல் டி' கார் வந்து விலையைக் குறைத்தது. 1912-ஆம் ஆண்டுக் காடிலாக் காரில் மின்சாரத்தால் எஞ்சினைக் கிளப்பும் கருவி வந்தது. கைப்பிடி சுழற்றும் துன்பம் போனதும், நீராவிக் காரின் பெருமைகளுள் ஒன்று பறிபோயிற்று.

நான்காவது, காலம். தனிக் கார்களால் மட்டும் நிலைக்க இயலாது என்று கண்ட செர்பொலே, அலெக்ஸாண்டர் டராக் என்ற கார்த் தயாரிப்பாளருடன் 1906-இல் சேர்ந்து நீராவிப் பேருந்துகள் செய்ய முற்பட்டார். ஆனால் நோய் அவரை விடவில்லை. 1907 பிப்ரவரியில், நாற்பத்தெட்டே வயதில் அவர் காலமானார். அவருடைய கார்களின் தயாரிப்பும் அத்துடன் முடிந்தது. 1900-இல் தொடங்கிய கார்ட்னர்-செர்பொலேயின் ஆயுள் ஏழே ஆண்டுகள். அறிவும் அனுபவமும் ஒரே மனிதரிடம் குவிந்திருந்த நிறுவனம், அவர் போனதும் நிற்க முடியாமல் போயிற்று.

எஞ்சியது என்ன?

பாரிஸில் புனித பெர்தினாந்து சதுக்கத்தில் 1911-ஆம் ஆண்டு செர்பொலேக்கு ஒரு நினைவுச் சின்னம் எழுப்பப்பட்டது. அதைச் செதுக்கியவர் சிற்பி ஜான் பூஷே. தோற்றுப்போன ஒரு கார்த் தயாரிப்பாளருக்கு அவர் இறந்து நான்கே ஆண்டுகளில் நகரின் நடுவே சிலை வைத்த மக்களின் பண்பை எண்ணிப் பார்க்கிறோம்.

அதைவிடப் பெரிய நினைவுச் சின்னம் நம் வீடுகளில் இருக்கிறது. நீராவி இஸ்திரிப் பெட்டியைக் கவனியுங்கள். மேலே சிறிய நீர்த்தொட்டி; கீழே சூடான தட்டு. நீர் சொட்டுச் சொட்டாக விழுந்து அக்கணமே ஆவியாகிறது. நம் சீருடைப் பாவாடையின் மடிப்புகளைச் சீராக்குவது 1881-இல் குலோ சகோதரர்கள் பயன்படுத்திய அதே தத்துவம். நிலையான பெரிய கலம் இல்லாமல், குழாயின் ஒரு முனையில் நீராக நுழைந்து மறுமுனையில் ஆவியாக வெளிவரும் முறையை இன்றைய பெரிய அனல் மின் நிலையங்கள் பலவற்றின் கொதிகலன்களிலும் காணலாம்.

நீராவிக் காரின் கதையும் 1907-இல் முற்றுப்பெறவில்லை. 1906 ஜனவரியில் அமெரிக்காவில் ஸ்டான்லி நீராவிக் கார் மணிக்கு 205 கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது. நீராவிக் கார்களுக்குள் அச்சாதனையை முறியடிக்க 2009 ஆகஸ்ட் வரை காத்திருக்க நேர்ந்தது. பிரிட்டன் நாட்டுக் குழு ஒன்று அந்த ஆண்டு மணிக்கு 225 கிலோமீட்டர் வேகத்தை எட்டியது. இடையில் கழிந்தவை 103 ஆண்டுகள்.

முடிவுரை

நம் பாடநூல்களில் வென்றவர்களின் பெயர்களே மிகுதியாக இருக்கின்றன. பென்ஸ், டைம்லர், போர்டு ஆகியோரை நாம் அறிவோம், செர்பொலேயை அறியோம். ஆனால் 1900-ஆம் ஆண்டில் வாழ்ந்த ஒரு மாணவிக்கு யார் வெல்வார் என்பது தெரியாது. மூன்று வழிகளையும் அவள் சமமாகவே மதித்திருப்பாள். அப்படிப் படிக்கும்போதுதான் விஞ்ஞானத்தின் வரலாறு நமக்கு உண்மையில் விளங்குகிறது என்று எண்ணுகிறோம்.

அன்று தோற்றுவிட்டது என்று ஒதுக்கப்பட்ட மின் கார் இன்று நம் சாலைகளில் மீண்டும் ஓடத் தொடங்கிவிட்டது. சுமை குறைந்த, சக்தி மிகுந்த மின்கலம் வந்தபின் பழைய விடை புதிய விடையாயிற்று. ஒரு கேள்விக்கு உலகம் ஒருமுறை சொன்ன விடையே என்றைக்கும் விடையாக இருக்கும் என்பதில்லை. 'ஆ' பிரிவுச் சகோதரிகளுக்கு எங்கள் பாராட்டை இப்போது மனமாரத் தெரிவிக்கிறோம்.

ஆசிரியை இக்கதையைச் சொன்ன வாரத்தின் சனிக்கிழமை, ஆய்வுக்கூடத்தில் எங்கள் செம்புக் குழாயைத் தேய்த்துச் சுத்தம் செய்து மீண்டும் விளக்கின் மேல் வைத்தோம். இம்முறை தீயையும் நீரையும் ஒருத்தியிடமே விட்டோம். தீயைச் சிறிது கூட்டினால் நீரையும் சிறிது கூட்டினாள்; ஒன்றைக் குறைத்தால் மற்றதையும் குறைத்தாள். தகரச் சக்கரம் முதலில் தயங்கியது. பிறகு சுற்றத் தொடங்கியது. சிரிஞ்சில் நீர் தீர்ந்து நாங்களாக நிறுத்தும் வரை அது நிற்கவே இல்லை. பார்க்க நடுவர்கள் இல்லை, பரிசும் இல்லை. ஆயினும் அன்று வீட்டுக்குப் போகும்போது நாங்கள் யாரும் தலையைக் குனிந்துகொண்டு போகவில்லை.